குட்டையாக்கிய ஓடுதளம்

போர் முடிந்தபின், தொலைதூரத் தீவொன்றில் பட்டினி கிடந்த ஜப்பானியப் படைவீரர்களை ஊருக்கு அழைத்துப்போக ஒரு சிறிய விமானந்தாங்கிக் கப்பல் வந்தது. முன்பு அதில் விமானங்களைப் பழுதுபார்த்த இசோகிச்சி மட்டும் ஏற மறுத்தான்.

"மேல இருக்கிற ஓடுதளத்தை, கப்பலோட மூக்கைத் தாண்டி நீட்டிக் கட்டினத நானே பாத்தேன். பெரிய அலை அடிச்சா கப்பலே கவுந்துடும். நான் வரலப்பா."

மாலுமி குராட்டா சிரித்தான். "நிமிந்து பாருங்கண்ணே! இறங்க விமானமே இல்ல, நீட்டல் எதுக்கு? அறுத்துப் போட்டாச்சு."

இசோகிச்சி அண்ணாந்து பார்த்தான். ஓடுதளம் குட்டையாகி, கப்பலின் மூக்கு வெளியே தெரிந்தது. நெஞ்சு லேசாகி ஏணியில் ஏறினான்.

விமானங்கள் நின்ற கூடத்தில் இப்போது பாய்கள் விரிக்கப்பட்டிருந்தன. சூடான கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தான். நடுக்கடலில் கப்பல் குலுங்கியபோதும் அவன் குறட்டை நிற்கவில்லை.