பார்க்க வந்தவள்

அந்த ஓட்டலுக்கு இரண்டு வாசல். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு முன்பக்கம் கண்ணாடிக் கதவு. அவர்கள் படுத்தெழுந்த படுக்கையைச் சரிசெய்ய வருகிறவர்களுக்குக் குப்பைத் தொட்டிகளை ஒட்டி ஒரு இரும்புக் கதவு. இரண்டு கூட்டமும் ஒரே விமானத்தில், சில சமயம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் வந்து இறங்கியிருக்கும். வருஷக்கணக்காக இரும்புக் கதவு வழியாகவே போய்வந்த அக்கா, கூடப்பிறந்த தங்கை கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததைப் பார்த்ததும் தெரியாதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தங்கை வந்திருப்பது சுற்றுலா விசாவில். வேலைக்கான அனுமதிக்கு நடையாய் நடந்து, கிடைக்காமல், கடைசியில் பிடித்த வழி இது. மறுநாள் மத்தியானம் படகேறி எதிரேயிருக்கும் தீவுக்குப் போய்விட்டால் அங்கே ஒரு சலவைக்கூடத்தில் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்வார்கள். அதுவரை அவள் ஊர் சுற்ற வந்தவளாகத் தெரிந்தால் போதும்.

"இமிக்ரேஷன்காரங்க பாஸ்போர்ட்டை இப்பல்லாம் பெரிசா பாக்கறதில்ல, ரூமைத்தான் பாக்கறாங்க," என்று வந்த அன்றைக்கே அக்கா பாடம் நடத்தினாள். "டூரிஸ்ட் ரூமுன்னா துண்டு தரையில கெடக்கணும். போர்வை பாதி தொங்கணும். தின்னது பாதி, மீந்தது பாதின்னு எறைஞ்சு கெடக்கணும். புரியுதா?"

"நீ சொல்றதப் பாத்தா ரூமுக்குள்ள எருமை கட்டணும் போலருக்கே."

"சிரிப்பு வருதா உனக்கு? மாட்டினா உன்னை மட்டும் ஏத்தி அனுப்ப மாட்டாங்கடி. கூடவே என்னையும்தான்."

மறுநாள் காலையில் மேற்பார்வையாளர் மூச்சிரைக்க வந்தார். "மாஸ்டர் சாவிய எடுத்துக்கிட்டு வாங்கம்மா. மாப்பிள்ளை வந்துட்டாரு."

சொல்லாமல் கொள்ளாமல் வந்து, எல்லோரையும் நிற்க வைத்து, எதிலும் குறை கண்டுபிடிப்பதால் குடியேற்ற அதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் அது. மாப்பிள்ளை குரல் உயர்த்திப் பேசியதை யாரும் கேட்டதில்லை. அதுதான் எல்லோருக்கும் பயம்.

முதல் அறையில் விளக்கின் மேல் ஈர நீச்சலுடை காய்ந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்தார். அடுத்த அறையில் மெத்தையெல்லாம் கடற்கரை மணல். அதற்கும் தலையாட்டல்தான். அடுத்தது தங்கையின் அறை. அக்கா தட்டினாள், பதில் இல்லை. திறந்தாள்.

அறை பளிங்காட்டம் இருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கமில்லை; மூலைகள் கடித உறையைப் போல மடிந்திருந்தன. கண்ணாடி டம்ளர்கள் துடைத்துக் கவிழ்க்கப்பட்டிருந்தன. பாடம் மறக்கவில்லை என்பதற்கு அடையாளமாக ஒரு துண்டு மட்டும் தரையில் கிடந்தது. அதுவும் மடித்து.

"இத முடிச்சிட்டீங்களாம்மா?" என்றார் மாப்பிள்ளை.

அக்கா ஆமாம் என்று வாயெடுப்பதற்குள் மேற்பார்வையாளர் முந்திக்கொண்டார், மகராசன். "இல்ல சார், இந்தப் பக்கம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

குளியலறையிலிருந்து தங்கை வந்தாள். கழுத்தில் கேமரா, முழங்கை வரை சோப்பு நுரை.

"படுக்கையெல்லாம் நீங்களே போட்டுட்டீங்களா மேடம்?"

"பழக்கம் சார். எங்கம்மா ரொம்பக் கண்டிப்பு."

"நல்ல அம்மா." மாப்பிள்ளை சிரித்தார். சிரித்தபடியே விரிப்பை உருவித் தரையில் போட்டார். "லீவுக்கு வந்த எடத்துல உங்களுக்கேன் கஷ்டம்? அவங்க போடட்டும். புதுசா ஒண்ணு போடுங்கம்மா."

"நீங்க ஜன்னல் பக்கமா உக்காருங்க மேடம், கடல் நல்லாத் தெரியும்," என்றாள் அக்கா.

"பரவால்ல, அங்கயே நிக்கட்டும்." அறையிலிருந்த ஒரே நாற்காலியில் அவரே உட்கார்ந்தார்.

இந்த ஓட்டலில் ஓர் அறையைச் சரிசெய்ய ஒருத்திதான். ஒரு பக்கம் செருகிவிட்டு, சுற்றிவந்து மறுபக்கம் செருக வேண்டும். அப்படித்தான் செய்யப்போனாள் அக்கா. ஆனால் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கை, சொந்த ஊர் லாட்ஜில் வேலை பார்த்த நாளில் அக்காளும் தங்கையுமாக ஆளுக்கொரு பக்கம் நின்று கட்டில் கட்டிலாகச் செய்த காரியத்துக்குத் தானாகப் போய்விட்டது. மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி விரிப்பை வீசினாள்.

அது காற்றில் உப்பி இறங்குவதற்குள் எதிர்ப்பக்க இரண்டு முனைகளையும் தங்கை அந்தரத்திலேயே பிடித்தாள். இழுத்தாள்; மெத்தையைத் தூக்கிச் செருகினாள்; புறங்கையால் ஒரு நீவு. இரண்டாவது மூலையை மடிக்கும்போதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

வெளியே யாரோ குழந்தையைக் கூட்டிக்கொண்டு சிரித்தபடி கடற்கரைக்குக் கிளம்பினார்கள். அந்தச் சிரிப்பு லிஃப்டுக்குள் போய் அடங்கியது.

"கதவ சாத்துங்க," என்றார் மாப்பிள்ளை, மேற்பார்வையாளரிடம். பிறகு ஒரே சாயலிலிருந்த இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப சொல்லுங்க. இதுல அக்கா யாரு, தங்கச்சி யாரு?"

"நான் ஊர் சுத்திப் பாக்க வந்தவ சார்," என்றாள் தங்கை. சொல்லும்போதே அவள் கை விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது. நிறுத்தவில்லை.

அவர் போனை எடுத்து, இரண்டு பேரை ஏற்றிப்போக வண்டி அனுப்பச் சொன்னார். "வண்டி வர நேரமாகும். ரெண்டு பேரும் உக்காருங்க."

உட்கார அங்கே அந்தப் படுக்கையைத் தவிர வேறு இடமில்லை. இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.