நிழலுக்குச் சம்பளமில்லை

கலிபோர்னியா அரசு டெக்சாஸை, அரசுச் செலவில் யாரும் போகக் கூடாத மாநிலங்களின் தடைப் பட்டியலில் சேர்த்த கோடையிலிருந்து, அரசுக் காசில் வந்த எதுவும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. கல்லூரிப் பெண்கள் அணியொன்றின் கூடைப்பந்துகள் நடுவழியில் காணாமல் போயின. கருத்தரங்குக்குப் போன பேராசிரியர் ஒருவர், பல்கலைக்கழகக் காப்பீட்டில் கட்டிய பற்கள் இல்லாமலே உரையாற்றினார். ஜனங்கள் இதையெல்லாம் பாதாம் விலையைப் போலப் பேசிவிட்டு மறந்தார்கள்.

தடைக்குக் காரணம் இருந்தது. பெண்ணோடு வாழும் பெண்ணுக்குத் தத்துப்பிள்ளை தர, மத நம்பிக்கையைச் சொல்லி நிறுவனங்கள் மறுக்கலாம் என்று டெக்சாஸ் சட்டம் போட்டிருந்தது. எல் பாசோவில் மார்லீனும் ரூத்தும் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். மார்லீன் நாற்பதை நெருங்கும் வயதில் தானே சுமந்தாள். ஒருமுறை கலைந்தது. மறுமுறை தங்கியது. பிரசவத்துக்கு அக்கா பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றாள்.

அக்கா டெல்ஃபினா சில்வேரா, கலிபோர்னியா ஓரத்து நீடில்ஸில் அந்த அரசின் பழச் சோதனைச் சாவடியில் இருந்தாள். வெளி மாநிலக் கார்களை நிறுத்தி ஆரஞ்சு இருக்கிறதா என்று கேட்பது வேலை. பள்ளி முடித்ததும் சேர்ந்தவள்.

"சொந்த லீவு, சொந்தக் கார், சொந்தப் பெட்ரோல். எந்த விதிடி என்னைத் தடுக்கும்?" என்றாள் போனில்.

டெக்சாஸ் எல்லைக்கோடு நடுவே ஓடும் ஆந்தனி ஊரில் கார் அணைந்தது. இறங்கி நடந்தாள். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. அப்புறம் கால்களே நின்றுவிட்டன. இத்தனை வருஷம் தின்ற ரொட்டியும் அரசுச் சம்பளம்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ரூத் நின்றிருந்தாள். "வாங்கக்கா, வலி எடுத்துருச்சு."

"வர மாட்டேங்குதே."

"எது?"

"நான்தான்."

ரூத் சிரிக்கப் போய் அழுதாள். "எங்களுக்காகப் போட்ட தடையாம். எங்க வீட்டுக்கு வர்ற ஒரே ஆளப் பிடிச்சு நிறுத்துது."

வெயில் முதுகுப் பக்கம் சாய்ந்திருந்தது. டெல்ஃபினாவின் நிழலுக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை. அது கோட்டைத் தாண்டி நீண்டு, அவள் காலடியிலிருந்து பிரிந்து, ரூத்தின் காரில் ஏறிக்கொண்டது. டெல்ஃபினாவுக்கு வலிக்கவில்லை.

மார்லீன் நிழலின் கையைப் பிடித்துக்கொண்டு பெற்றாள். கை சில்லென்றிருந்தது என்று மட்டும் பிறகு சொன்னாள். இனெஸ் என்று பெயரிட்ட குழந்தை நிழலின்மேல் படுத்தால்தான் தூங்கியது; அதனால் நிழல் திரும்பவில்லை. டெல்ஃபினா பாலைவன வெயிலில் நிழலில்லாமல் நின்று ஆரஞ்சு கேட்டாள். மேலதிகாரி பெரிய தொப்பியொன்று கொடுத்தார். சில சமயம் படுக்கையில், ஒரு சின்ன உடம்பின் கனம் மார்பில் ஏறும். அசையாமல் கிடப்பாள்.

பட்டியல் நீண்டதே தவிரச் சட்டங்கள் குறையவில்லை என்று நாலு வருஷம் கழித்து அரசு தடையை விலக்கியது. டெல்ஃபினா முழு உடம்போடு எல் பாசோ போனாள்.

"பெரியம்மா வந்திருக்காங்க பாரு," என்றாள் மார்லீன்.

"பெரியம்மா உள்ள இருக்காங்களே," என்றது குழந்தை.

உள்ளே சுவரோரம் நிழல் இருந்தது. கொஞ்சம் இளைத்து, குனிந்து பழகிய முதுகோடு. டெல்ஃபினாவைக் கண்டும் அது நகரவில்லை.

"கூட்டிட்டுப் போயிடுவியாக்கா?" என்றாள் மார்லீன்.

டெல்ஃபினா அதன் குனிந்த முதுகைப் பார்த்தாள். "அதுக்கு இங்க வேலை இருக்கு," என்றாள்.

சாப்பாட்டு மேசையில், வழக்கமான நாலு தட்டுகளோடு ரூத் இன்னொன்றையும் கொண்டுவந்து வைத்தாள்.