நான்கு தலைக்கவசங்கள்

என் மகள் டெல்லாவின் நான்கு வருடங்களுக்கு விலை ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் டாலர். புனித ஓடில் பெண்கள் பள்ளி அனுப்பிய பளபளப்பான புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் போட்டிருந்தது. பொடி எழுத்தை முதலில் படிப்பது எங்கள் குடும்பப் பழக்கம். பால்டிமோரில் ஈஸ்டர்ன் அவென்யூவில் என் அப்பா கம்பளம் விற்றார். அதே கடையில் இப்போது நான் விற்கிறேன்.

டெல்லா எட்டாம் வகுப்பு. லக்ராஸில் கோல்கீப்பர். எதிராளியின் நுனியில் வலை கட்டிய கழியிலிருந்து அந்தக் கெட்டி ரப்பர் பந்து பறந்து வரும்போது மற்ற பிள்ளைகள் விலகுவார்கள், இவள் நெஞ்சைக் கொடுப்பாள். அடுத்த வருடம் அவளை எங்கே சேர்ப்பது என்பதுதான் வீட்டில் பேச்சு. மூன்று தெரு தள்ளி அரசுப் பள்ளி இருந்தது. அங்கே கட்டணமும் இல்லை, கோலில் நிற்க வேறு ஆளும் இல்லை. முதல் நாளிலிருந்தே எல்லா ஆட்டமும் இவளுக்குத்தான். புனித ஓடிலோ பெரிய அணி. அவர்கள் ஆடும்போது தங்கள் அணிக்கு ஆள் தேடும் கல்லூரிப் பயிற்சியாளர்கள் வேலியோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஓடிலின் பயிற்சியாளர் மார்னி ஹெய்க் தொலைபேசியில் அழைத்தார். வருடக் கட்டணம் முப்பத்தெட்டாயிரத்தில் இருபத்தைந்தாயிரம் உதவித்தொகையாகக் கழிந்துவிடும் என்றார். முப்பதாக இருந்தால் தேவலை என்று சும்மா கேட்டு வைத்தேன். உதவித்தொகைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை, அது அலுவலகத்தின் பாடு என்றார். பத்தே நிமிடத்தில் அலுவலகம் அழைத்தது. முப்பது.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் அப்படி மளமளவென்று விலை இறங்குவது எந்தக் கம்பளத்துக்கு என்று எனக்குத் தெரியும். அடியில் ஈரம் ஏறிய கம்பளத்துக்கு.

என் மனைவி கொரின் சிரித்தாள். "யாராவது உனக்கு நல்லது செஞ்சா உடனே காய்ச்சல் வந்துடுமே, லியோ."

அக்டோபரில் டெல்லாவை ஒரு நாள் அங்கே அழைத்தார்கள். சேரப் போகிற பிள்ளை, ஏற்கெனவே படிக்கிற ஒருத்தியின் பின்னால் நாள் முழுக்க வகுப்பு வகுப்பாக நடப்பது இங்கே வழக்கம். பெற்றோருக்குக் காப்பி கொடுத்து நூலகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். நான் பின்தங்கி, நழுவி, மைதானத்தை ஒட்டிய சாமான் அறைக்குப் போனேன். முன்பக்கத்தை வைத்து எந்தக் கடையையும் நான் எடை போடுவதில்லை.

பெண்கள் ஆட்டத்தில் மற்றவர்களுக்குக் கண்காப்பு போதும், முழுத் தலைக்கவசம் கோல்கீப்பருக்குத்தான். கொக்கிகளில் நான்கு தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒட்டுப்பட்டை, அதில் ஒரு பெயர், பக்கத்தில் அந்தப் பெண் பள்ளி முடிக்கும் வருடம். இந்த ஆட்டக்காரர்கள் ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன் அந்த வருடத்தைத்தான் கேட்பார்கள். ஒன்றில் இருபத்தேழு. மீதி மூன்றிலும் முப்பது, அடுத்த வருடம் சேருகிறவர்கள் முடிக்கும் வருடம். அந்த மூன்றில் ஒன்றில் டெல்லா மத்துஷாக் என்று எழுதியிருந்தது. நாங்கள் இன்னும் கையெழுத்தே போடவில்லை.

கோல் ஒன்று. அதில் நிற்பவள் ஒருத்தி.

ஹெய்க்கை மைதானத்திலேயே பிடித்தேன். ஒரே வருடத்துக்கு மூன்று கோல்கீப்பரா என்றேன். அவர் முகம் மாறவில்லை.

"உங்க கடையில ஒரே ஒரு கம்பளத்தையா விரிச்சு வச்சிருக்கீங்க, மிஸ்டர் மத்துஷாக்?"

"கம்பளம் பெஞ்சுல உக்காந்து அழாதும்மா."

காசுப் பேச்சை விட்டுவிட்டேன். முதல் வருடம் இளையோர் அணியின் ஆட்டங்களில் பாதியாவது டெல்லாவுக்கு என்று எழுதித் தரச் சொன்னேன்.

"ஒரு நிமிஷம்கூட எழுதித் தர மாட்டேன். யாரு பந்தைத் தடுக்குறாளோ அவ நிப்பா."

அந்தப் பள்ளி என்னிடம் சொன்ன முதல் 'முடியாது' அதுதான். கேட்டதும் சந்தேகம் கொஞ்சம் தணிந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவரோடு எனக்கு வியாபாரம் பேச வராது.

திரும்பும் வழியில் டெல்லாவுக்கு மார்ஷ்மெல்லோ பாகு ஊற்றிய துருவல் ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, கொக்கியில் பார்த்ததை மெல்லச் சொன்னேன்.

"தெரியும்பா. மூணு பேரும் ஒண்ணாத்தான் சாப்பிட்டோம். ஒருத்தி கால்கிட்ட வர்ற பந்தை விட்டுடுவாளாம், அவளே சொன்னா. இன்னொருத்தியோட போன வருஷம் ஆடியிருக்கேன், நல்லா ஆடுவா."

"உன்னைவிடவா?"

ஐஸைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "இன்னைக்கு, ஆமா."

"அப்ப நம்ம தெருப் பள்ளியே போதுமே. தினம் நீதான் நிப்ப."

"நிப்பேன். என்னைப் பார்த்து வேகமா அடிக்க அங்க யாருப்பா இருக்கா?"

பொடி எழுத்தை இன்னும் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த வசந்தத்தில் ஓடிலில் அவளுடைய முதல் ஆட்டப் பருவம் முடிந்தது. ஹெய்க்கை நான் இன்னும் நம்பவில்லை. அதனால் கடைக் குறிப்பேட்டோடு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் போய் வேலியோரம் நின்றேன். மொத்தம் பதினாறு ஆட்டங்கள். டெல்லா கோலில் நின்றது ஐந்து, அதில் நான்கு கடைசி மாதத்தில். அவளைப் பார்த்து வந்த பந்து அறுபத்திரண்டு, தடுத்தது முப்பத்தெட்டு, உள்ளே போனது இருபத்து நான்கு. கணக்கின் அடியில் ஹெய்க் பெயரில் எழுதினேன்: பாக்கி, பதினோரு ஆட்டம்.