உள்ளே போனவர் வெளியே வரவில்லை

1

இந்தக் கதை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிறந்தது. விசா விண்ணப்ப மையத்தில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாம் கவுன்டரில் ஒரு பெண் எதையோ கேட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன். கேட்காததால் எழுதுகிறேன்.

2

போட்டுப் பார்த்த முதல் வரிகள்:

"அன்று காலை வானம் மேகமூட்டமாக" (வேண்டாம். வானிலை அறிக்கையா எழுதுகிறோம்?)

"அவள் அழகாக" (இருந்தாளா? நான் பார்த்தது பாதி முகமும் முழு முதுகும்.)

"தீக்காய வார்டின் தலைமை நர்ஸ் இன்னும் பதினொரு நாளில் மேடையேற வேண்டும், விசா கைக்கு வரவில்லை." (இது இருக்கட்டும்.)

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர். கேலிக்காகக் கணவனும் அப்படித்தான் கூப்பிடுவான். அவன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். எவ்வளவு பயந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாத வேலை.

தீக்காயக் கட்டைப் பிரிப்பது, நோயாளி இரண்டாம் முறை வேகிற மாதிரி. சிஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கட்டை நன்றாக நனைத்து, முதல் முனையை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடுவது. எவ்வளவு வேகம், எங்கே நிறுத்துவது, எல்லாம் அவர் இஷ்டம். அலறல் பாதிக்கு மேல் குறைந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம் செய்து பார்த்து எழுதி வைத்திருக்கிறாள். வெளிநாட்டு மாநாட்டில் இருபது நிமிடம் பேச அழைப்பு வந்தது. அவள் போகாவிட்டால் அந்த இருபது நிமிடம் பெரிய டாக்டருக்கு. அவர் இப்போதே "நம்ம கண்டுபிடிப்பு" என்கிறார். மேடையில் அது "என் கண்டுபிடிப்பு" ஆவதற்கு ஒரு மைக் போதும்.

3

"நாலு விரலையும் வைங்க. ம்... மறுபடி வைங்க."

"வரலையா மேடம்? நாளெல்லாம் மருந்துத் தண்ணியில ஊறுற கை. ரேகை தேஞ்சிருக்கும்."

"வருது. அதான் பிரச்சனையே. இது ஏற்கெனவே இருக்கு." கவுன்டர்க்காரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு வருஷம் முன்னாடி. இதே பாஸ்போர்ட், இதே ரேகை. விசா வாங்கிப் போயிருக்கீங்க."

சிஸ்டர் சிரித்தாள். "பக்கத்து ஊருக்கு பஸ்ல போனாலே வாந்தி எடுக்கிற ஆளு நான்."

"அது எனக்குத் தெரியாதும்மா. உள்ள போனது பதிவாயிருக்கு. வெளிய வந்தது பதிவாகல."

"அப்படின்னா?"

"அப்படின்னா நீங்க அங்கதான் இருக்கீங்க. உள்ள இருக்கிறவங்களுக்கு உள்ள போக எப்படி விசா தர்றது?"

சிரிப்பு நின்றது. சிஸ்டர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கவுன்டர்க்காரம்மாவுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். ஒரு சீட்டில் எண் எழுதிக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். "அங்க நீங்க கொடுத்திருக்கிற போன் நம்பர். பேசி, வந்துடச் சொல்லுங்க. அவங்க வெளிய வந்தா நீங்க போகலாம்."

4

இங்கே பேனாவை வைத்துவிட்டுப் பழைய ஃபைலைத் தேடினேன்.

வாராவாரம் எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த ஆளையும் தூக்கிப் போடமாட்டான். ஒரு தொடரில் செத்த வில்லன், மீசையை எடுத்துவிட்டால் அடுத்த தொடரில் மாமனார். மூன்று வருடம் முன்பு ஒரு நர்ஸ் கதை ஆரம்பித்தேன். அவளை விமானம் ஏற்றி, மாநாட்டு மண்டபத்தில் முதல் வரிசையில் உட்காரவும் வைத்துவிட்டேன். அப்போது பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "யோவ், அவசரமா ஒரு பேய்க் கதை வேணும்யா!" அதைப் பார்க்கப் போனேன். திரும்பவில்லை.

இந்தக் கதைக்கு ஒரு பாஸ்போர்ட் எண் தேவைப்பட்டது. புதிதாக யோசிக்கச் சோம்பல். பழையவளின் எண்ணையே போட்டேன்.

ஃபைல் கிடைத்தது. கடைசி வரி:

"மேடையில் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் நாற்காலியிலிருந்து எழ"

அவ்வளவுதான்.

5

வீட்டுக்கு வந்ததும் சிஸ்டர் அந்த எண்ணை அழைத்தாள். (சீட்டைக் கிழித்துப் போடுகிற மாதிரி இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். இரண்டு முறையும் அழைத்தாள்.)

முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"சொல்லுங்க." அவள் குரலேதான்.

"நீங்க... எங்க இருக்கீங்க?"

"மண்டபத்துல. எழுந்துக்கிட்டிருக்கேன்."

"எவ்வளவு நேரமா?"

"மூணு வருஷமா. உட்காரவும் முடியல, நிக்கவும் முடியல. முட்டி ரெண்டும் விட்டுப்போச்சு. எல்லாரும் திரும்பி என்னையே பாக்கிறாங்க. ஒருத்தரும் கண்ணைச் சிமிட்டல."

நர்ஸ் வாய் தானாகக் கேட்டது. "கால் வீங்கியிருக்கா?"

"குனிஞ்சு பாக்க முடியலையே." மூச்சுச் சத்தம். "நான் கிளம்புறப்போ பாப்பாவுக்கு ஒரு வயசு. இப்போ பேசுறாளா?"

சிஸ்டர் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். தரையில் படம் வரைந்துகொண்டிருந்த நாலு வயது மகள் நிமிர்ந்தாள்.

"யாரும்மா அது?"

நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசும்பல் கேட்டது. அது சிஸ்டருடையது இல்லை.

"என்ன சிஸ்டர், யாரு போன்ல?" என்றான் கணவன்.

"ராங் நம்பர்."

"ராங் நம்பரை யாராவது இப்படிக் கட்டிப் பிடிச்சுக்குவாங்களா?"

6

முடிவு ஒன்று: பழைய வரியை முடிக்கிறேன். அங்கே இருப்பவள் எழுந்து, பேசி, கைதட்டல் வாங்கி வீடு திரும்புகிறாள். மகள் கதவைத் திறக்கிறாள். சமையலறையிலிருந்து இன்னொரு அம்மா எட்டிப் பார்க்கிறாள். (அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: பழைய தாளைக் கிழிக்கிறேன். பதிவு மறைகிறது, விசா கிடைக்கிறது. (கிழிக்கத்தான் போனேன். இரண்டு கையாலும் பிடித்தபோது, தாளுக்குள் யாரோ வெடுக்கென்று மூச்சை இழுத்தார்கள்.)

நான் இப்படித் தடுமாறுகிற நேரத்தில் சிஸ்டர் போனை மறுபடி காதில் வைத்துவிட்டாள்.

"மேடையில பேச வேண்டிய தாள் கையில இருக்கா?"

"இருக்கு."

"அப்போ நீங்களே பேசுங்க. நீங்க பேசிட்டா மூணு வருஷம் முன்னாடியே பேசினதா ஆயிடும். பெரிய டாக்டரால ஒண்ணும் பண்ண முடியாது."

"பேசிட்டு?"

"வந்துடுங்க."

"வந்தா... நீங்க?"

பத்திரிகையில் எனக்குத் தந்தது இரண்டு பக்கம். மிச்சம் இருப்பது ஒரே ஒரு வரி. அங்கே இருப்பவள் எழுந்து நிற்க ஒரு வரி வேண்டும். இங்கே இருப்பவள் பதில் சொல்லவும் ஒரு வரி வேண்டும். எவளுக்குக் கொடுத்தாலும் மற்றவள் அப்படியே நின்றுவிடுவாள், கண் சிமிட்டாத மனிதர்களுக்கு நடுவில். இங்கே அந்த மனிதர்கள் அவள் புருஷனும் மகளும்.

அந்த வரியை நான் எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

பக்கத்தைப் புரட்டிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் எழுந்து போனேன்.