குஞ்சுப் பெட்டிக்கு ஒன்பது வாட்

டைட்டஸ் ஒரு காரியத்தில் இறங்கினால் அரைகுறையாக விடமாட்டார். கூட்டுறவுச் சங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டிலிருந்து சர்க்கரையை ஒழித்தார். வீட்டில் யாருக்கும் சர்க்கரை நோய் கிடையாது. அடுத்து பிளாஸ்டிக்கை ஒழித்தார்; மீன் வாங்கத் தூக்குவாளியோடு கருங்கல் ஊர்ச் சந்தைக்கு நடந்தது என்னவோ அவர் மனைவி ராஜபாய்தான். இந்த ஐப்பசியில் அவர் கண்ணில் பட்டது குண்டு பல்பு.

"இது பல்பு இல்லட்டி, அடுப்பு," என்றார் ஏணியில் நின்றபடி. "வாற கரண்டுல முக்காலே மூணு வீசமும் சூடாட்டுப் போவுது. உனக்கு வெளிச்சம் வேணுமா, சூடு வேணுமா?"

"வெளிச்சம்," என்றாள், ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ராஜபாய். வேறு பதில் சொன்னால் அவர் மேலேயே நின்று விளக்கம் சொல்வார்; அவளுக்குக் கை கடுத்தது.

கழற்றிய பல்புகளை ஒன்றுவிடாமல் சாக்கில் கட்டி, பஞ்சாயத்து குப்பை வண்டியில் தானே ஏற்றிவிட்டார். வீட்டில் கிடந்தால் யாருக்காவது ஆசை வந்துவிடுமாம்.

எல்.இ.டி வந்த பிறகு முன்னறை ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆனது. குவைத்திலிருந்து வீடியோ அழைப்பில் வந்த நாத்தனார் ஜெனிலா, "மைனி, ஒங்களுக்கு ஒடம்புக்கு வல்லதும் செய்யுதா? மொகம் வெளிறிக் கெடக்கு," என்று விசாரித்தாள். ஆனால் அடுக்களையில் கதை வேறு. அரிசியில் ஊர்கிற வண்டு ஒவ்வொன்றும் ராஜபாயின் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அதை மட்டும் அவள் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ஞாயிறே சபையில் எழுப்பி நிறுத்திச் சாட்சி சொல்ல வைத்துவிடுவார். ஏற்கெனவே ஆராதனை முடிந்து, அறிவிப்பு நேரத்தில், குண்டு பல்பு எரிப்பது படைப்புக்கு எதிரான பாவம் என்று பேசியாகிவிட்டது. பஜார் கடைக்காரர்களையும் அவர் விடவில்லை.

வீட்டுக்குப் பின்னால் கூரை இறக்கிய சாய்ப்பில் அட்டைப் பெட்டி ஒன்றில் ராஜபாயின் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வளர்ந்தன. தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டதால், ஓர் அறுபது வாட் பல்பைப் பெட்டிக்குள் தொங்கவிட்டு அதன் சூட்டில் வைத்திருந்தாள். டைட்டஸ் சாய்ப்புப் பக்கம் எட்டிப் பார்ப்பவரல்ல. அதனால் அந்த ஒரு பல்பு மட்டும் தப்பியிருந்தது.

குஞ்சுகளுக்குத் தீனி வைக்கக் கணவரிடம் சொல்லிவிட்டு, கொட்டாரம் ஊரிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போனவள் ஒரு நாள் தங்கினாள். ராத்திரி முழுக்க மழை. காலையில் திரும்பி வந்து பார்த்தால் சாய்ப்பு வெள்ளை வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது. குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. இரண்டு விறைத்துப் போயிருந்தன.

"தீனி நல்லாத் தெரியட்டுன்னு மாத்தினேன்," என்றார் டைட்டஸ். "ஒம்பது வாட்டுதான். வெளிச்சம் முன்னத்தவிட கூடுதலாக்கும்."

"ஆமா. நல்லாத் தெரியுது," என்றாள் அவள், செத்த குஞ்சுகளைப் பார்த்தபடி.

அவர் பல்பின் அருகே கை வைத்துப் பார்த்தார். "சூடே இல்ல," என்றார். போன வாரம் முன்னறை எல்.இ.டியைத் தொட்டுப் பார்த்து இதே சொல்லைத்தான் பெருமையாகச் சொன்னார். கழற்றிய பல்பு முந்தின நாளே குப்பை வண்டியில் போயிருந்தது. அவர் மண்வெட்டியை எடுத்து, இரண்டையும் தென்னை மூட்டில் புதைத்துவிட்டுக் குடையோடு பஜாருக்குக் கிளம்பினார்.

ஈரத்தோடும் வெறுங்கையோடும்தான் திரும்பி வந்தார். குண்டு பல்பு ஒரு கடையிலும் இல்லையாம்.

"தேவகுமார் கடையிலயுமா?"

"அவன் ஆளக் கூட்டி வச்சுச் சிரிக்கான். 'சாரே, நீங்கதானே இத வச்சிருக்கது பாவம்னு சொன்னிய? மிச்சமிருந்ததத் திருப்பி அனுப்பியாச்சு'ன்னான்."

"ஒங்க பிரசங்கத்தக் கேட்டு ஒரு ஆளாவது மனந்திரும்பினானே," என்றாள் ராஜபாய். "சந்தோசப்படுங்க."

நாகர்கோவிலில் வேலை பார்க்கும் மகன் ஜெபிஷ், சனிக்கிழமை வரும்போது வாங்கி வருவதாகப் போனில் சொன்னான். அதுவரை என்ன செய்வது? ராஜபாய் வெந்நீர் போட்டுப் பாட்டில்களில் ஊற்றி, துணி சுற்றிக் குஞ்சுகளுக்கு நடுவில் வைத்தாள். நீர் ஆறும்போதெல்லாம் மாற்ற வேண்டும். அந்த வேலையை டைட்டஸ் கேட்காமலே எடுத்துக்கொண்டார். பெட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு, மடியில் ஒரு பாட்டிலை அணைத்தபடி உட்கார்ந்திருந்த மனிதரை அவள் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தாள்.

"இப்ப நீங்க எத்தன வாட்டு?"

அவர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடுத்த தண்ணி கொதிச்சா?" என்றார்.

சனிக்கிழமை குண்டு பல்பு வந்தது. குஞ்சுகள் அதன் கீழே பரவி உட்கார்ந்து தீனி கொத்தின. மறுநாள் சபையில் டைட்டஸ் எழுந்து, ஒவ்வொரு விளக்குக்கும் அதற்கென்று ஓர் ஊழியம் இருப்பதாகவும், வெளிச்சத்துக்கு எல்.இ.டி, சூட்டுக்குக் குண்டு பல்பு என்று ஆராய்ந்து கண்டுபிடித்திருப்பதாகவும் பேசினார். கோழிகளைப் பற்றி மூச்சு விடவில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ராஜபாய் பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வேட்டிகூட மாற்றாமல் நேராகச் சாய்ப்புக்குப் போனார். அவள் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தாள். அவர் பெட்டிக்குள் கைவிட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டெண்ணம் போச்சே," என்றார் திரும்பாமலே.

அவளுக்கு நாக்கு நுனியில் சபைப் பேச்சைப் பற்றிக் குத்தலாக ஒன்று வந்தது; அதை விழுங்கிவிட்டாள்.

"கைய எடுங்க, கொத்தும். வந்து சோறு தின்னுங்க."