ஊதாத் துண்டு

சலவைக்கடைக்காரிக்கு அரசியல்வாதிகள் மேல் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. கரப்பான்பூச்சி மேல் இருக்கிற அளவுக்குத்தான். தொகுதி உறுப்பினர் ஏதோ ஊழலில் சிக்கிப் பதவி விலக, இடைத்தேர்தல் வந்தது. இத்தனை வருஷமாக எட்டிப் பார்க்காத கட்சிகளுக்கெல்லாம், நகரத்தின் நடுவயிற்றில் இப்படி ஒரு தெரு இருப்பது திடீரென்று தெரிந்துபோயிற்று.

அந்தத் தெருவில் ஒரு சுவர் தாண்டினால் ஒரு பாஷை. மாடி வீட்டு நர்ஸ் ஒரு தேசம், எதிர் ஓட்டல் சமையல்காரர் ஒரு தேசம், பஸ் டிரைவர் இன்னொன்று. எல்லோருடைய அழுக்கும் அவளுடைய கடைக்குத்தான் வரும்.

அவளுடைய கொழுந்தனுக்கு வீட்டில் வைத்த பெயர் மைக். வாயைத் தவிர வேறு எந்த உறுப்புக்கும் வேலை கொடுக்காதவன். ஊதாக் கட்சி அவனைப் 'பன்முகச் சமூக ஒருங்கிணைப்பாளர்' ஆக்கியிருந்தது.

"அண்ணி, நாளைக்கு நம்ம வேட்பாளர் கடைக்கு வர்றார். போட்டோ எடுக்கணும்."

"ஏன், அவர் வீட்டுல வாஷிங் மெஷின் ரிப்பேரா?"

"விளையாடாதீங்க அண்ணி. எல்லா இனத்து ஜனமும் ஒண்ணா நிக்கற இடம் வேணுமாம்."

"தம்பி ஆசைப்படறான், கால் மணி நேரம்தானே" என்றார் அவள் புருஷன், நாற்காலியை விட்டு எழாமலே.

மறுநாள் வேட்பாளர் வந்தார். கழுத்தில் பளபளவென்று ஊதாத் துண்டு. கூட வந்த விளம்பரக்காரி, அங்கிருந்தவர்களை நிறம் பார்த்துப் பிரித்து நிறுத்தினாள். துணி பிரிக்கிறவர்கள்கூட இவ்வளவு கவனமாகப் பிரிக்க மாட்டார்கள். பஸ் டிரைவரைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் ஒதுங்குங்க சார், உங்களை மாதிரி ஒருத்தர் ஏற்கனவே இருக்கார்" என்றாள். பிறகு கடைக்காரியிடம் வந்தாள்.

"உங்க ஊரு டிரெஸ் ஏதாவது போட்டுக்கிட்டா நல்லா இருக்கும்மா."

"என் ஊரு இதுதான். டிரெஸ்ஸும் இதுதான்" என்று ஈர ஏப்ரனைக் காட்டினாள் அவள்.

வேட்பாளர் கேமராவைப் பார்த்து, "மக்களோட கஷ்டத்தை நானே துவைச்சு எடுப்பேன்!" என்று முழங்கினார். முழங்கியதோடு விட்டாரா? துண்டை உருவி, பக்கத்தில் இருந்த இயந்திரத்துக்குள் எறிந்து, கதவைச் சாத்திப் பொத்தானையும் அமுக்கிவிட்டார். உள்ளே நர்ஸின் வெள்ளைச் சீருடைகளும் சமையல்காரரின் வெள்ளைக் கோட்டுகளும் இருந்தன.

"ஐயையோ! உள்ள இருக்கறது வெள்ளை! கலரு வெள்ளையோட சேராது!" என்று அலறினாள் கடைக்காரி.

"இனத்தைப் பத்தியெல்லாம் பேசாதீங்கம்மா, வீடியோ ஓடுது" என்று பல்லைக் கடித்தாள் விளம்பரக்காரி.

சுடுதண்ணீர் ஏறிவிட்டால் அந்தக் கதவு லேசில் திறக்காது. திறந்தபோது, துணியெல்லாம் நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தது. வேட்பாளர் அதற்குள் அடுத்த தெருவில் யார் குழந்தையையோ தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் தன் பாஷையில் திட்டினாள். புரியாதவர்களுக்கும் புரிந்தது. "இதைப் போட்டுக்கிட்டு அடுப்படியில நின்னா, ஓட்டு கேக்கறேன்னு நெனச்சு ஜனம் ஓடிடும்" என்றார் சமையல்காரர்.

கட்சியிடம் கேட்டுப் புதுத்துணி வாங்கித் தரும்படி மைக்கிடம் சொன்னாள் கடைக்காரி. சாயங்காலமே பார்சல் வந்தது. பிரித்தால், ஒரு கட்டு ஊதாத் துண்டுகள்!

சேதி பரவி, மறுநாள் பச்சைக் கட்சியின் வேட்பாளர் அம்மாள் கேமராவோடு வந்திறங்கினாள். ஆடு நனைகிறதே என்று அழுகிற ஓநாய்க்குக்கூட அப்படி ஒரு முகம் வாய்க்காது.

"இந்த அநியாயத்தை நாங்க சும்மா விட மாட்டோம். அந்தச் சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

"மாத்துத் துணி வாங்கித் தருவீங்களா?"

"கொள்கை ரீதியா உங்க கூடவே நிக்கறோம்மா."

"அப்ப வெளியில போய் நில்லுங்க. கடையைக் கூட்டணும்."

வாக்குப்பதிவு அன்று காலை, வாக்காளர்களைக் கூட்டிப்போகக் கிளம்பிய மைக்கின் சட்டைக் காலரைப் பிடித்துக் கடைக்குள் இழுத்து, ஊதா ஏறிய துணிகளை வெளுப்பு மருந்தில் ஊறவைத்திருந்த தொட்டியின் முன்னால் உட்கார வைத்தாள் கடைக்காரி.

"அண்ணி, நான் ஒருங்கிணைப்பாளர்!"

"தேய்டா."

தேய்த்தான். செல்போன் கதறிக்கொண்டே இருந்தது. விரல் தோல் சுருங்கிப்போயிற்று. மத்தியானத்துக்கு மேல் நர்ஸ் வந்து ஒவ்வொரு சட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அக்குளில் இன்னும் கறை இருக்கிறது என்று திருப்பி எறிந்தாள். அவன் மறுபடி தேய்த்தான். ஆயுசில் அவன் முழுசாகச் செய்து முடித்த முதல் வேலை அதுதான்.

ஜெயித்தது ஊதாதான். மக்கள் தன்னை மனதார ஏற்றுக்கொண்டதாக வேட்பாளர் பேசினார். பாதிக்கு மேல் ஜனம் ஓட்டுப் போடவே போகவில்லை என்பதை அவர் பேசவில்லை. முக்கியமான நாளில் காணாமல் போனதற்காக மைக்கை மேடைப் பக்கமே விடவில்லை.

அதற்கப்புறம் புது உறுப்பினரை அந்தத் தெரு பார்க்கவில்லை. மைக் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அப்புறம், மாநகராட்சித் தேர்தல் வருகிறது, பச்சைக் கட்சியில் நல்ல மரியாதை தருகிறார்களாம் என்று ஆரம்பித்தான்.

"தம்பி ஆசைப்படறான்..." என்று அவள் புருஷன் வாயைத் திறந்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.