செவ்வாயில் பெரட்டு

1

இந்தக் கதை ஒரு வெட்கத்தில் பிறந்தது. முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். எனக்கு ஒரு பழைய ஆங்கில விஞ்ஞான நாவல் பிடிக்கும். வெள்ளைக்காரக் கேப்டன் ஒருவன் செவ்வாய்க்குக் கப்பல் விடுகிறான். அங்கே இருக்கும் கறுத்த மனிதர்களைப் பிடித்து மூட்டை தூக்க வைக்கிறான். அடிபட்டவர்கள் அவனையே கும்பிடுகிறார்கள். படிக்கும்போது பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் கப்பல் கிளம்பும் அத்தியாயத்தை இருபது தடவை படித்திருப்பேன். இருபத்தொன்றாவது தடவையும் படிப்பேன். (பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் நீங்களும் தேடிப் படிப்பீர்கள்.)

இந்த வெட்கத்தைச் சுமக்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் சேதுபதி.

2

முதல் தொடக்கம்: "1957, ஜூலை. மலாக்கா நகரம் சுதந்திரத்தை எதிர்பார்த்து..." வேண்டாம். நகரமா எதிர்பார்க்கிறது? கடைக்காரர்கள்தான் எதிர்பார்த்தார்கள்.

இரண்டாவது தொடக்கம்: சேதுபதி மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு லாரிக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. அவன் அப்பாவும் கிராணிதான், ஆனால் ரப்பர்த் தோட்டத்துக் கிராணி. வியாழக்கிழமை சாயங்காலங்களில், கம்போங் செட்டிக்குப் பக்கத்துத் தமிழ்ப் படிப்பகத்தில், சேதுபதி அந்த நாவலைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். (கட்டடத்துச் சொந்தக்காரர், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி. அவருக்குத் தமிழ் தெரியாது. "கப்பல் போய்ச் சேர்ந்ததா?" என்று மலாயில் கேட்டுவிட்டுப் போய்விடுவார்.)

பதினான்கு வயதிலிருந்து சேதுபதிக்கு அந்தப் புத்தகத்தின் மேல் உயிர். ஆனால் கேட்க வரும் பதினைந்து பேரில் பாதிப்பேர் தோட்டத்தை விட்டு வந்தவர்கள். அவர்கள் முன்னால், மூட்டை தூக்கும் அந்தக் கறுத்த கூலிகளை எப்படிப் படிப்பது? மென்று விழுங்கிப் பார்த்தான். கடைசியில் கூலிகளை இரும்பு மெசின்களாக மாற்றிவிட்டான். புத்தகம் அவன் கையில், கேட்பார் யார்?

கேப்டன் மெசின்களைச் சவுக்கால் விளாசியபோது எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ருக்மணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

3

இந்த ருக்மணி மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவள். இப்போது ஒரு தையற்கடையில் சுதந்திர நாளுக்குக் கொடி தைக்கிறாள். இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. இவளைக் கெட்டிக்காரியாக எழுதினால், ஆசிரியர் தன் கருத்தை அவள் வாயில் திணிக்கிறார் என்பீர்கள். நான் திணிக்கவில்லை. சேதுபதி தானாகப் போய் மாட்டிக்கொண்டான்.

ஐந்தாவது வியாழன். "விடிவதற்கு முன்னே மெசின்கள் வரிசையாக நிற்கின்றன," என்று படித்தான். "கேப்டனின் ஆள் ஒவ்வொன்றாகப் பேர் கூப்பிடுகிறான். வராததைத் தேடிக்கொண்டு..."

"தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுங்க," என்றாள் ருக்மணி. "மெசினுக்கு எதுக்குப் பெரட்டு?"*

[* தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் எடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். பேர் எடுப்பவர் கிராணி.]

மனிதர்களை அழித்தவன் பெரட்டை அழிக்க மறந்திருந்தான். கிராணி வீட்டுப் பிள்ளைக்குப் பெரட்டு என்பது சேவல் கூவுவது போல, காதிலேயே ஏறாது. வரிசையில் நின்றவளுக்கு ஏறியது.

"அப்படித்தான் எழுதியிருக்கு, அக்கா."

"அது மெசின் இல்லதானே? ஆளுங்கதானே?"

சேதுபதி ஆமாம் என்று தலையாட்டினான்.

"நான் சிரிச்சேனே, தம்பி," என்றாள். "சவுக்கடிக்குப் போயி சிரிச்சேனே."

4

முடிவு அ: சேதுபதி புத்தகத்தை மலாக்கா ஆற்றில் வீசுகிறான். (மேடை நாடகமென்றால் கைதட்டல் விழும். இவன் வீச மாட்டான். எனக்கு இவனைத் தெரியும்.)

முடிவு ஆ: ருக்மணி எழுந்து போகிறாள், அதற்குப் பிறகு படிப்பகத்துப் பக்கமே... இல்லை. மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்று தடவையும் வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டினாள்; கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கப்பல் ஊருக்குத் திரும்பி வருதா, இல்லையா?"

"வருது, அக்கா."

"அதையும் நான் கேக்கணும். மொதல்ல அந்த ஆளுங்களைப் பத்தி என்னா எழுதியிருக்கானோ, உள்ளது உள்ளபடி படிங்க. நாங்க கேக்காத பேச்சா லா?"

படித்தால் இவள் மறுபடி வருவாளா என்று சேதுபதிக்குப் பயம். படிக்காவிட்டால் இனி இவள் முகத்தில் விழிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே, அடுத்த பக்கம்தான் புத்தகத்திலேயே அழகான பக்கம் என்ற மானங்கெட்ட சந்தோஷம்.

5

வாயைத் திறந்தான். கேப்டன் அந்த மனிதர்களைக் கூப்பிடும் சொல்...

இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன். கௌரவமான ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டு மழுப்ப எனக்கு நன்றாகவே வரும். சேதுபதி அந்த வித்தையை என்னிடம்தான் கற்றான். ஆகவே நீங்கள் வாருங்கள். புத்தகம் விரித்தே இருக்கிறது. ருக்மணி முன்வரிசையில் இருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே படியுங்கள். முடித்துவிட்டு ஓடிவிடாதீர்கள், அடுத்த பக்கத்தையும் படியுங்கள். அங்கே உங்கள் குரலில் சந்தோஷம் வந்துவிடும், மறைக்க முடியாது. அதையும் அவள் கேட்கட்டும்.